குளோன் செய்த பெரிய டிரைவில் சும்மா கிடக்கும் இடத்தை மீட்பது எப்படி

240 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பி வழிகிறதென்று 1 டிபி ஒன்றை வாங்கி, குளோன் செய்து (பழையதை அப்படியே புதியதில் நகலெடுத்து), மாட்டியும் ஆயிற்று. விண்டோஸ் பழையபடியே திறக்கிறது. ஆனால் 'திஸ் பிசி'க்குள் போய்ப் பார்த்தால் சி டிரைவ் அதே 222 ஜிபி. சிவப்புக் கோடும் அப்படியே. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே கண்டிக்கு பஸ் ஏற வேண்டாம். இடம் டிரைவுக்குள்தான் இருக்கிறது, யாருக்கும் ஒதுக்கப்படாமல்.

குளோன் மென்பொருள் கோப்புகளை மட்டும் நகலெடுப்பதில்லை. டிரைவின் எந்தப் பகுதி, அதாவது பார்ட்டிஷன், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற அட்டவணையையும் சேர்த்தே எடுக்கிறது. பழைய டிரைவில் சி 222 ஜிபியில் முடிந்திருந்தால் புதியதிலும் அங்கேயே முடியும். அதற்கு அப்பால் உள்ள மீதி 'அன்அலொகேட்டட்' என்ற பெயரில் கிடக்கும்.

பெட்டியில் 1 டிபி என்று இருக்க, விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவது வேறு விஷயம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 240 ஜிபி 223 ஆகவும், 480 ஜிபி 447 ஆகவும், 500 ஜிபி 465 ஆகவும் தெரிவது இதனால்தான். அந்த வித்தியாசத்தை எந்த முறையாலும் மீட்க முடியாது. மீட்கக்கூடியது அன்அலொகேட்டட் பகுதி மட்டும்.

கை வைக்குமுன்

பழைய டிரைவை அழிக்காதீர்கள். புதியதில் என்ன பிழை நடந்தாலும் பழையதை வைத்து மறுபடி குளோன் செய்யலாம். அது பத்திரமாக இருக்கும்வரை கீழே சொல்லும் எதற்கும் பயப்படத் தேவையில்லை.

குளோன் முடிந்ததும் கொம்பியூட்டரை முழுதாக நிறுத்தி, பழைய டிரைவைக் கழற்றிய பிறகே முதல் தடவை திறக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக மாட்டியிருந்தால் இரண்டிலும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை 'ஒஃப்லைன்' ஆக்கிவிடும். அதை 'ஒன்லைன்' என்று அழுத்தித் திறந்தால் அந்த டிரைவின் அடையாள எண்ணை விண்டோஸ் மாற்றி எழுதும். பிறகு அது தனியே பூட் ஆகாமல் போகலாம். அதாவது, பத்திரமாக இருக்க வேண்டிய பழைய டிரைவை ஒரே கிளிக்கில் கெடுத்துவிடுவீர்கள். இன்னொன்று, எந்த டிரைவிலிருந்து விண்டோஸ் திறந்திருக்கிறது என்பதே தெரியாமல் பழையதில் வேலை செய்துகொண்டிருப்பதும் நடக்கும்.

அடுத்தது கரண்ட். சமவெளியில் எழுதப்படும் வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். நமக்கு அது போதாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையகத்தில் பிற்பகலானால் இடி மின்னல். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை. கொப்பு முறிந்து லைனில் விழ அரை நிமிடம் போதும். ஆகவே வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். லெப்டொப் என்றால் பேட்டரி நிறைய சார்ஜ் இருக்கவும் சார்ஜர் மாட்டியிருக்கவும் வேண்டும். டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் அவசியம். ஆனால் சிறிய யூபிஎஸ் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். இரண்டு மணி நேர வேலைக்கு அதை நம்பக் கூடாது.

எல்லா முறையும் கரண்ட் விஷயத்தில் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. ஒரு பார்ட்டிஷனின் கடைசி எல்லையை வலப்பக்கம் நீட்டுவது சில நொடி வேலை. உள்ளே இருக்கும் கோப்புகள் அசைவதே இல்லை. பார்ட்டிஷனையே இடம்பெயர்ப்பது அப்படியல்ல: உள்ளே உள்ளதையெல்லாம் துண்டு துண்டாக வாசித்து வேறிடத்தில் எழுத வேண்டும், பாதியில் நின்றால் பார்ட்டிஷன் இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை. எனவே எந்த நிலையிலும் மிகக் குறைவாக டேட்டாவை நகர்த்தும் வழியையே தேர்ந்தெடுங்கள். கீழே வரும் பரிந்துரைகள் எல்லாம் இந்த ஒரு கணக்கில்தான் நிற்கின்றன.

கடைசியாக, பிட்லொக்கர் என்ற விண்டோஸின் குறியாக்க வசதி. புதிய விண்டோஸ் 11 லெப்டொப்பில் மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலே டிரைவ் குறியாக்கம் ஆகியிருக்கக்கூடும். கீழே திறக்கப்போகும் 'டிஸ்க் மனேஜ்மென்ட்' திரையில் சி-யின் பெட்டிக்குள் 'பிட்லொக்கர் என்கிரிப்டட்' என்று எழுதியிருந்தால் முதலில் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்குள்ளேயே நீட்டுவதற்கு இது தடையில்லை. வெளியிலிருந்து, பென் டிரைவில் ஓடும் ஜீபார்டட் என்ற பார்ட்டிஷன் மென்பொருள் கொண்டு செய்வதென்றால் குறியாக்கத்தை முழுதாக நீக்கியிருக்க வேண்டும். 'சஸ்பெண்ட்' செய்தால் மட்டும் போதாது.

வரைபடத்தை வாசித்தல்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மனேஜ்மென்ட்'டைத் திறவுங்கள். மேலே பட்டியல், கீழே நீளமான பெட்டிகள். நமக்கு வேண்டியது கீழ்ப்பாதி. 240 ஜிபியிலிருந்து 1 டிபிக்கு வந்த ஒரு விண்டோஸ் 10 அல்லது 11 கொம்பியூட்டரில் இடமிருந்து வலமாக ஏறக்குறைய இப்படி இருக்கும்: 100 எம்பி 'ஈஎஃப்ஐ' (விண்டோஸைத் தொடங்கும் கோப்புகள் உள்ளது), பிறகு சி 222 ஜிபி, பிறகு 500 முதல் 1000 எம்பி வரையான 'ரிகவரி', கடைசியில் கறுப்புக் கோட்டுடன் அன்அலொகேட்டட் 708 ஜிபி அளவில். ஈஎஃப்ஐக்கும் சி-க்கும் இடையில் 16 எம்பி பார்ட்டிஷன் ஒன்றும் உண்டு. டிஸ்க் மனேஜ்மென்ட் அதைக் காட்டாது. பிறகு டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் பார்க்கும்போது எண் ஒன்று கூடுதலாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

லயத்துக் காம்பராக்களை, தோட்டத்து வரிசை வீட்டு அறைகளை, நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காம்பராவைப் பெரிதாக்க வேண்டுமென்றால் ஒட்டியிருக்கும் காம்பரா காலியாக இருக்க வேண்டும். வரிசைக் கடைசிக் காம்பரா காலியாக இருந்து நடுவில் ஒரு குடும்பம் இருந்தால் சுவரை உடைத்துப் பயனில்லை. விண்டோஸின் 'எக்ஸ்டெண்ட் வொலியூம்' சி-க்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே எடுக்கும். நடுவில் 500 எம்பி ரிகவரி இருந்தாலும் அந்தக் கட்டளை மங்கலாகி அழுத்த முடியாமல் போகும். பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

கட்டளை மங்கலாக இருக்க வேறு காரணங்களும் உண்டு. பார்ட்டிஷனின் ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை அடுக்கும் முறை) என்டிஎஃப்எஸ் ஆக இல்லாமல் ஃபெட்32 அல்லது எக்ஸ்ஃபெட் ஆக இருந்தால் நீட்ட முடியாது. வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குகளில் இது சாதாரணம். காலி இடம் சி-க்கு இடப்பக்கம் இருந்தாலும் பயனில்லை.

பக்கத்திலேயே காலி இடம் இருந்தால்

இது சுலபம். சி-யில் ரைட் கிளிக், எக்ஸ்டெண்ட் வொலியூம், நெக்ஸ்ட். வரும் பெட்டியில் முழு இடமும் எம்பி கணக்கில் ஏற்கனவே நிரப்பப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் சி-க்கே கொடுப்பதானால் நெக்ஸ்ட், ஃபினிஷ். கொஞ்சம்தான் வேண்டுமென்றால் ஜிபியை 1024 ஆல் பெருக்கித் தட்டுங்கள்: 200 ஜிபிக்கு 204800. மீதி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வொலியூம்' மூலம் டி ஒன்றை உருவாக்கலாம்.

'டைனமிக் டிஸ்க்காக மாற்றப்படும்' என்று எப்போதாவது எச்சரிக்கை வந்தால் 'நோ' என்று அழுத்துங்கள். எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறை உள்ள டிரைவில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன் ஏற்கனவே இருக்கும்போது ஐந்தாவது உருவாக்கப் போனால் இது வரும். ஒத்துக்கொண்டால், திரும்பச் சாதாரண 'பேசிக்' டிஸ்க் ஆக்க வொலியூம்கள் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்பதுதான் விண்டோஸ் தரும் ஒரே வழி.

'போதிய இடமில்லை' என்ற செய்தி, கண்ணுக்கு எதிரே 700 ஜிபி இருக்கும்போதே வந்தால், மேலே 'ஆக்‌ஷன்' மெனுவில் 'ரீஸ்கேன் டிஸ்க்ஸ்' கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகும்.

நடுவில் ரிகவரி இருந்தால்

இரண்டு வழி உண்டு: அதை அகற்றுவது, அல்லது கடைசிக்குத் தள்ளுவது. முடிவு செய்வதற்கு முன் ரிகவரியின் அளவைப் பாருங்கள். 1 ஜிபி வரை என்றால் அது விண்டோஸின் சொந்த மீட்புக் கருவி. கொம்பியூட்டர் திறக்காதபோது நீலத் திரையில் 'டிரபிள்ஷூட்' காட்டுவது அதுதான். 10, 15, 20 ஜிபி அளவில் இருந்தால் லெப்டொப் கம்பனி போட்டனுப்பிய தொழிற்சாலைப் பிரதி. அதை அகற்றக் கூடாது, தள்ள மட்டுமே வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் லெப்டொப்களும் உண்டு.

அகற்றும் வழியில் வேறு மென்பொருள் தேவையில்லை, நகரும் டேட்டாவும் ஏறக்குறைய இல்லை. ஆகவே டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கும் கரண்ட் நிச்சயமில்லாத இடத்திலும் இதுதான் எங்கள் முதல் தேர்வு. கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டெர்மினல் அட்மின்' அல்லது 'பவர்ஷெல் அட்மின்' திறவுங்கள். முதல் கட்டளை ரீஏஜென்ட்சி. எழுத்துக்கள் ஆர் ஈ ஏ ஜி ஈ என் டி சி. பின் ஓர் இடைவெளி, ஒரு முன்சாய்வுக் கோடு, ஒட்டியே 'இன்ஃபோ'. ஸ்டேட்டஸ் 'எனேபிள்ட்' என்று வரும். அதன் கீழே டிஸ்க் எண்ணும் பார்ட்டிஷன் எண்ணும் இருக்கும். அந்தப் பார்ட்டிஷன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே கட்டளையில் 'இன்ஃபோ'வுக்குப் பதில் 'டிசேபிள்'. இப்போது மீட்புக் கருவியின் கோப்பு ரிகவரி பார்ட்டிஷனிலிருந்து சி-க்குள் உள்ள சிஸ்டம்32 ஃபோல்டரின் 'ரிகவரி'க்கு வந்துவிடும். இந்தப் படியைத் தவறவிட்டுப் பார்ட்டிஷனை அழித்தால் கருவியும் சேர்ந்து போய்விடும்.

இனி 'டிஸ்க்பார்ட்' என்று தட்டி எண்டர். 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, அளவைப் பார்த்துச் சரியான டிரைவைத் தெரிவு செய்யுங்கள். ஒன்றே மாட்டியிருந்தால் 'செலக்ட் டிஸ்க் 0'. பிறகு 'லிஸ்ட் பார்ட்டிஷன்'. குறித்து வைத்த எண்ணும் 'ரிகவரி' என்ற வகையும் அளவும் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் 'செலக்ட் பார்ட்டிஷன் 4', 4-க்குப் பதில் நீங்கள் குறித்த எண். அடுத்தது 'டிலீட் பார்ட்டிஷன்', பின் இடைவெளி விட்டு ஓ வி ஈ ஆர் ஆர் ஐ டி ஈ என்ற சொல். அந்தக் கடைசிச் சொல் இல்லாவிட்டால் பாதுகாக்கப்பட்ட பார்ட்டிஷன் என்று சொல்லி மறுத்துவிடும். டிஸ்க் மனேஜ்மென்ட்டில் ரிகவரிக்கு ரைட் கிளிக் செய்தால் 'ஹெல்ப்' தவிர எதுவும் வராததும் அதே பாதுகாப்பால்தான். முடிந்ததும் 'எக்ஸிட்'.

இப்போது அன்அலொகேட்டட் இடம் சி-யை ஒட்டி வந்திருக்கும். மேலே சொன்னபடி நீட்டுங்கள். ஆனால் முழு இடத்தையும் எடுக்காமல் கடைசியில் 1024 எம்பியை விட்டுவைப்பது நல்லது. பிற்காலத்தில் தனி ரிகவரி பார்ட்டிஷன் தேவைப்பட்டால் இடத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், ரிகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லாத கொம்பியூட்டர்களிலெல்லாம் பிழை காட்டி நின்றது. கொடுப்பதைத் தாராளமாகவே கொடுங்கள்.

கடைசியாக ரீஏஜென்ட்சி, 'எனேபிள்'. தனிப் பார்ட்டிஷன் இல்லாவிட்டால் மீட்புக் கருவி சி-க்குள்ளேயே அமர்ந்துகொள்ளும். பிட்லொக்கர் இயங்கும் சி-யில் மட்டும் இது நடக்காது, மறுத்துவிடும். அப்படியானவர்கள் அகற்றும் வழியை விட்டுவிட்டு, குளோனைத் திருப்பிச் செய்யும் வழிக்குப் போங்கள், கீழே வருகிறது.

தள்ளும் வழிக்கு ஜீபார்டட் லைவ். இலவசம். அதன் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் ஒரு பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் உள்ளது எல்லாம் அழியும். விண்டோஸில் ரீஏஜென்ட்சி 'டிசேபிள்' கொடுத்துவிட்டு, ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி ஷட்டவுன் செய்யுங்கள். சும்மா ஷட்டவுன் செய்தால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' காரணமாக விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் சி-யை ஜீபார்டட் தொடாது. புதியவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம் இது.

பென் டிரைவிலிருந்து திறக்க டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸ் லெப்டொப்பில் எஸ்கேப். ஜீபார்டட் திறந்ததும் வலது மேல் மூலையில் டிரைவைச் சரிபாருங்கள். பென் டிரைவும் அந்தப் பட்டியலில் இருக்கும், அளவுதான் அடையாளம். டிரைவின் முழு இடமும் பயன்படுத்தப்படவில்லை, சரிசெய்யவா என்று கேட்டால் 'ஃபிக்ஸ்' கொடுங்கள். ஜிபிடி என்ற புதிய முறையில் அட்டவணையின் மாற்றுப்பிரதி டிரைவின் கடைசியில் இருக்க வேண்டும். குளோன் அதைப் பழைய டிரைவின் கடைசி எங்கேயோ அங்கே, அதாவது புதியதின் நடுவில், வைத்துவிட்டிருக்கிறது. கேள்வி அதைப் பற்றியதுதான்.

பிறகு ரிகவரியைத் தெரிந்து 'ரீசைஸ்/மூவ்', பெட்டியை அப்படியே வலக்கோடிவரை இழுங்கள்; 'ஃப்ரீ ஸ்பேஸ் ஃபொலோயிங்' 0 ஆக வேண்டும். பார்ட்டிஷனை நகர்த்தினால் திறக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கை வரும். ரிகவரிக்கு அது பெரிதாகப் பொருந்தாது, ஓகே. அடுத்து சி-யைத் தெரிந்து அதன் வலது ஓரத்தை மட்டும் இழுங்கள். இடது ஓரம் ஓர் எம்பி கூட அசையக் கூடாது. அசைந்தால் 200 ஜிபியும் இடம்பெயரத் தொடங்கும். பச்சைச் சரி அடையாளத்தை அழுத்தும்வரை எதுவும் நடப்பதில்லை, ஆகவே கீழே வரிசையில் உள்ள வேலைகளை ஒருமுறை வாசித்துவிட்டு அழுத்துங்கள். அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது டிஸ்க்கைச் சோதிக்கும். குறுக்கே நிறுத்தாதீர்கள். உள்ளே போனதும் ரீஏஜென்ட்சி 'எனேபிள்', பிறகு 'இன்ஃபோ' கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நடுவில் டி இருந்தால்

நம் பக்கத்துப் பழைய டெஸ்க்டொப்களில் இதுதான் அதிகம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் கடையில் விண்டோஸ் ஏற்றும்போது சி-க்கு 100000 என்று தட்டியிருப்பார்கள். சி 97.66 ஜிபி என்று விசித்திரமான எண்ணில் இருப்பது அந்த 100000 எம்பியின் விளைவு. மீதி 367 ஜிபி டி. 1 டிபி எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்ததும் டி-க்குப் பின்னால் 465 ஜிபி காலி. நிரம்பியதோ சி.

இங்கே ஜீபார்டட்டில் டி-யைக் கோடிவரை இழுத்துத் தள்ளுவது கண்ணுக்கு நேர்வழி. நாங்கள் அதைப் பரிந்துரைக்கமாட்டோம். கலியாணப் படங்களும் பிள்ளைகளின் பாடங்களும் உள்ள 300 ஜிபி முழுவதும் இடம்பெயரும். ஒரே டிரைவில் வாசித்து அதிலேயே எழுதுவதால் வேகம் நொடிக்கு 50 எம்பி என்று வைத்தால் ஒரு மணி நாற்பது நிமிடம். அவ்வளவு நேரமும் கரண்ட் நிற்கக் கூடாது.

சும்மா டி-யை நீட்டிவிட்டு சி-யின் பாரத்தைக் குறைப்பது மிக எளிது. டவுன்லோட்ஸ், டொக்கியுமென்ட்ஸ் ஃபோல்டர்களில் ரைட் கிளிக், 'புரொப்பர்ட்டீஸ்', 'லொகேஷன்' டெப், 'மூவ்' கொடுத்து டி-க்கு மாற்றினால் பலருக்கு அதுவே போதும்.

சி-யையே பெரிதாக்கத்தான் வேண்டும் என்றால், டி-யில் கோப்புகள் மட்டும் இருக்கும் பட்சத்தில் இப்படிச் செய்யலாம். கடைசிக் காலி இடத்தில் ஈ என்று புதிய வொலியூம் உருவாக்கி டி-யில் உள்ளதெல்லாவற்றையும் அங்கே நகலெடுங்கள். கரண்ட் போனாலும் டி அப்படியே இருக்கும், மறுபடி தொடங்கலாம். இரண்டு பக்கமும் ஃபோல்டர் அளவும் கோப்பு எண்ணிக்கையும் ஒத்திருந்தால் டி-யை 'டிலீட் வொலியூம்'. அந்த இடம் கறுப்பாக வந்தால் சி-யை நீட்டலாம். பச்சைக் கோட்டுடன் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று வந்தால் அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் உள்ள இடம்; ஈ அதற்குள் இல்லை என்று உறுதியானால் அந்தப் பச்சையையும் அழித்துக் கறுப்பாக்கிய பிறகே சி நீளும். சி இப்போது 465 ஜிபி. கடைசியில் ஈ-யின் எழுத்தை டி என்று மாற்றுங்கள், பழைய ஷோர்ட்கட்கள் வேலை செய்யும்.

டி-யில் மென்பொருள்களும் ஏற்றப்பட்டிருந்தால், அல்லது மேலே சொன்ன எதிலும் தயக்கம் இருந்தால், குளோனையே திருப்பிச் செய்யுங்கள். பலருக்கு இது தோன்றுவதில்லை. பழைய டிரைவிலிருந்து வாசிக்க மட்டுமே செய்கிறோம், ஆகவே நடுவில் கரண்ட் போனாலும் இழப்பு நேரம் மட்டும். மக்ரியம் ரிஃப்ளெக்ட் போன்ற குளோன் மென்பொருள்களில் குளோன் தொடங்குமுன் ஒவ்வொரு பார்ட்டிஷனின் அளவையும் மாற்றலாம்: முதலில் ரிகவரியையோ டி-யையோ கடைசிக்கு இழுத்துவிட்டு சி-யை நீட்டுங்கள். அதன் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. குளோன்சில்லா என்ற இன்னொரு மென்பொருளில் எக்ஸ்பர்ட் முறையில் கே1 என்ற தெரிவு எல்லாப் பார்ட்டிஷனையும் விகிதப்படி பெரிதாக்கும். சி இரண்டு மடங்கானால் ரிகவரியும் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான் குறை. யூஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டினால் 200 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் செல்லும். உள்ளே நீல நிறமுள்ள போர்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள்.

நீட்டியும் அளவு கூடவில்லை என்றால்

டிஸ்க் மனேஜ்மென்ட் சி-யை 930 ஜிபி என்கிறது, 'திஸ் பிசி' இன்னும் 222 என்கிறது. பார்ட்டிஷனின் எல்லை நீண்டுவிட்டது, உள்ளே உள்ள ஃபைல் சிஸ்டம் நீளவில்லை. டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் வொலியூம்', 'செலக்ட் வொலியூம்' என்று சி-யைத் தெரிந்து, 'எக்ஸ்டெண்ட்' இடைவெளி 'ஃபைல்சிஸ்டம்' கொடுங்கள். ஃபைல்சிஸ்டம் ஒரே சொல்லாக. பிழை வந்தால் 'செக்டிஸ்க்' ஓட்டிவிட்டு மறுபடி: சி எச் கே டி எஸ் கே, இடைவெளி, சி முக்காற்புள்ளி, இடைவெளி, முன்சாய்வுக் கோடு எஃப். மறுதொடக்கத்தில் சோதிக்கவா என்று கேட்கும், 'வை' என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள்.

இணையத்தில் சந்தேகப்படும்படி மலிவாக வாங்கிய டிரைவ் என்றால் நீட்டுவதற்கு முன்பே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு சோதியுங்கள். போலி டிரைவ்கள் 1 டிபி என்று பொய் சொல்லும். குளோன் செய்த முதல் சில ஜிபி நன்றாக ஓடும், காலி இடத்துக்குள் எழுதத் தொடங்கியதும்தான் கோப்புகள் கெடும். காலி இடத்தில் தற்காலிகமாக ஒரு வொலியூம் உருவாக்கி அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம்.

2 டிபிக்கு மேல்

எம்பிஆர் அட்டவணைக்கு 2048 ஜிபிக்கு அப்பால் எண்ணத் தெரியாது. 2 டிபி டிரைவ் 1863 ஜிபிதான், பிரச்சினையில்லை. 4 டிபி வாங்கிப் பழைய எம்பிஆர் டிரைவிலிருந்து குளோன் செய்தால், காலி இடம் இரண்டாகப் பிரிந்து, சுமார் 1678 ஜிபி எதுவும் செய்ய முடியாத துண்டாக நிற்கும். எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல் கூடவே வருகிறது. டேட்டாவை அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும். பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் இருக்கவே கூடாது. மாற்றிய பின் பயோஸில் பூட் முறையைப் பழைய 'லெகசி'யிலிருந்து புதிய 'யூஈஎஃப்ஐ'க்கு மாற்றாவிட்டால் விண்டோஸ் திறக்காது. மதர்போர்ட்டில் யூஈஎஃப்ஐ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிகப் பழையவற்றில் இல்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: உபுண்டுவின் ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை ஓடிக்கொண்டிருக்கும்போதே நீட்டலாம்; கட்டளைகள் குரோபார்ட், பிறகு ரீசைஸ்2எஃப்எஸ். நடுவில் ஸ்வொப் (ரேம் போதாதபோது பயன்படும் பகுதி) இருந்தால் அதை நிறுத்தி அழித்து, எஃப்ஸ்டெப் கோப்பில் அதன் வரியையும் எடுத்துவிட்டு, ஸ்வொப்பை ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பின்

ஸ்டார்ட்டில் 'டிஃப்ரெக்' என்று தேடி 'ஒப்டிமைஸ் டிரைவ்ஸ்' திறவுங்கள். சி-யின் வகை 'சொலிட் ஸ்டேட் டிரைவ்' என்று இருக்க வேண்டும். ஒருமுறை 'ஒப்டிமைஸ்' கொடுத்தால் எந்த இடமெல்லாம் காலி என்பதை எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடும். வகை 'ஹார்ட் டிஸ்க்' என்று காட்டினால் 'ஒப்டிமைஸ்' அழுத்தக் கூடாது. டெர்மினலில் 'வின்சாட்', இடைவெளி, 'டிஸ்க்' ஓட்டினால் பெரும்பாலும் திருத்திக்கொள்ளும்.

பழைய டிரைவைக் குறைந்தது இரண்டு வாரம், ஓர் அப்டேட் சுற்றுத் தாண்டும்வரை அப்படியே வையுங்கள். ஹட்டன், நுவரெலியாவின் மூட்டமான மாதங்களில் அலுமாரிக்குள் ஈரம் ஏறும். ஸிப் வைத்த பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, மேலே திகதியை எழுதி ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு யூஎஸ்பி உறையில் போட்டு மாட்டி, டிஸ்க்பார்ட்டில் அளவைப் பார்த்துத் தெரிந்து 'கிளீன்' கொடுத்து, புதிய வொலியூம் உருவாக்கி பேக்அப் டிரைவாகப் பயன்படுத்தலாம். 'கிளீன்' உறுதிப்படுத்தக் கேட்காது, எண்டர் அழுத்திய கணமே அட்டவணை போய்விடும். 'லிஸ்ட் டிஸ்க்'கில் நட்சத்திரக் குறி எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.